ஒருமனதாக இறந்தவர்

எங்கள் மாவட்டத்தில் ஒருவன் செத்துவிட்டான் என்று முடிவு கட்ட டாக்டர் தேவையில்லை. அடுத்தவன் சாவுக்கு அவன் வராமல் இருந்தால் போதும். காய்ச்சல், கால் முறிவு, கன்று போடும் பசு என்று எதுவும் சாக்கு ஆகாது. கால் முறிந்தவனை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். வரிசையில் நின்று, இறந்தவரின் வீட்டாருக்குக் கைகொடுத்து, "உங்க துக்கம் எங்க துக்கம்" என்று சொல்லி, ஆலயக் கூடத்தில் பன்றிக்கறி ஹாம் வைத்த ரொட்டியும் தேநீரும் முடித்த பிறகுதான் யாரும் வீடு திரும்புவார்கள். சாவைத் தள்ளிவைக்கும் தகுதி ஒன்றே ஒன்றுக்குத்தான் உண்டு. அது கால்பந்து ஆட்டம்.

கால்பந்து வாரியத்தின் முன்னாள் துணைத்தலைவர் மலாக்கி பிரானிகனை அடக்கம் செய்த வியாழக்கிழமை, ஆட்டம் எதுவும் இல்லை. ஃபின்டன் கோர்ம்லியோ வரவில்லை.

வரத்தான் கிளம்பினார். கறுப்புக் கோட்டை மாட்டினார். டை கட்டினார். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைப் போட்டார். மற்றதைக் கையில் எடுத்தார். அப்புறம் மணி ஐந்தாகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. பிப்ரவரியில் மனைவி ஊனா இறந்துபோனதிலிருந்து இப்படித்தான். அழுகை வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் லண்டன் சுரங்கங்களில் பாறை உடைக்கும் பிரேக்கர் எந்திரம் பிடித்ததில் விரல்கள் எப்போதோ செத்திருந்தன. குளிர் பட்டால் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துவிடும்; ஊசியால் குத்தினாலும் தெரியாது. அந்த மரப்பு இப்போது தோள்வழியாக உள்ளே இறங்கிவிட்டது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

ஆலயக் கூடத்தில் நடந்தது பிறகுதான் அவர் காதுக்கு வந்தது.

"எங்க ஃபின்டனக் காணோம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"உடம்பு சரியில்லையோ என்னவோ."

"உடம்பு சரியில்லன்னா வந்திருப்பானே!"

ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் இருந்தவரும் கழற்றினார். என்றைக்கு, எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சாவு தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று ஒத்துக்கொள்வது அங்கே திருட்டை ஒத்துக்கொள்வதைவிடக் கேவலம். தேநீர் ஆறுவதற்குள் மூன்று பேர் ஃபின்டனின் அடக்கத்துக்கே போய் வந்திருந்தார்கள்.

ஃபின்டனின் புகழ் எப்போதுமே இப்படி அவரைக் கேட்காமல் நடமாடிய ஒன்றுதான். கையால் பிடித்து, காலால் அடித்து, தோளால் இடித்து ஆடும் எங்கள் நாட்டுக் கால்பந்தில், மாவட்ட அணிக்கு அவர் மேலாளராக இருந்தார். முதல் வருடமே, ஐம்பத்திரண்டு வருடமாகக் கண்ணில் படாத மாகாணக் கோப்பையைக் கொண்டுவந்தார். அந்தக் கோடையில் ஆடுகளுக்கெல்லாம் பச்சையும் மஞ்சளும் சாயம் பூசினார்கள். முப்பத்தொரு குழந்தைகளுக்கு ஃபின்டன் என்று ஞானஸ்நானம் ஆயிற்று. ஒரு பொலிகாளைக்கும் அதே பெயர். அடுத்த செப்டம்பரில் தேசிய இறுதி ஆட்டத்தில் அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. ரொட்டிக்கடைக்காரி, முதுகுக்குப் பின்னால் இருபது ரொட்டி அடுக்கியிருக்க, "தீந்துபோச்சு" என்றாள். குழந்தைகளை இரண்டாவது பெயரால் கூப்பிட ஆரம்பித்தார்கள். காளையை விற்றுவிட்டார்கள். திங்கட்கிழமை வாரியம் ஃபின்டன்மேல் முழு நம்பிக்கை தெரிவித்துத் தீர்மானம் போட்டது. செவ்வாய்க்கிழமை அவரை நீக்கியது. வாரியத்தில் எல்லாம் முறைப்படிதான் நடக்கும்.

அதன் பிறகு பத்தொன்பது வருடமாக, தன் சொந்த ஆலயப் பங்கான ட்ரம்கோரனின் அணியை அவர் பார்த்துக்கொண்டார். மாவட்டத்தின் கடைசிப் பிரிவில் கடைசி அணி. ஊனா சட்டைகளைத் துவைத்தாள். ஃபின்டன் மைதானத்தின் எல்லைக்கோட்டோரம் நின்று கத்தினார். இந்த வருடம், எப்படியென்று யாருக்கும் தெரியாது, அந்த அணி கடைப்பிரிவுக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அறுபத்துமூன்று வருடத்தில் முதல் தடவை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊனா சொன்னது இது: "சட்டையெல்லாம் துவச்சு வச்சிருக்கேன். நீ கோட்டோரம் நின்னாப் போதும்."

அந்தக் கோட்டில் ஒரு மணி நேரம் நின்றால் ஏதாவது உறைக்கும் என்று ஃபின்டன் நம்பினார். சந்தோஷமோ கோபமோ, எதுவானாலும் சரி. வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு மாவட்ட அணியின் ஆட்டத்தை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்குமுன் ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். பழக்கதோஷம், எழுந்து தொப்பியைக் கழற்றினார். "காலஞ்சென்ற நம் அன்புக்குரிய ஃபின்டன் கோர்ம்லி" என்றார்கள். பெயரைக் கேட்ட பிறகும் அவர் உட்காரவில்லை. பாதி மௌனத்தில் உட்காருவது மரியாதை இல்லை. நிமிடம் முடிந்தது, உட்கார்ந்தார், உருளைக்கிழங்கு அடிப்பிடித்திருந்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு பிரைடி, துணி மூடிய தட்டுடன் வந்து கதவைத் தட்டினாள். ஃபின்டன் திறந்தார்.

"உங்க துக்கம் எங்க துக்கம்," என்றாள்.

"யாரோட துக்கம், பிரைடி?"

"உன்னோட துக்கந்தான்."

"நான் செத்ததுக்கா?"

"பின்ன யாருகிட்டப் போய்ச் சொல்றது? உனக்குப் பிள்ளையா, குட்டியா?"

"நான்தான் சாகலையே."

"அது எனக்குத் தெரியாதா? நேத்துக்கூட உன் வீட்டுப் புகைக்கூண்டுல புகையப் பாத்தேன். ஆனா ஆப்பிள் டார்ட் சுட்டாச்சே. வீணாக்குறதா?" தட்டை மேசையில் வைத்தாள். "கடையில எல்லாரும் உன் அடக்கத்தப் பத்தித்தான் பேசுறாங்க. பக்கத்து வீட்டுக்காரி நான் போகலன்னா நல்லாவா இருக்கும்? போனேன், ஒரே மழைன்னு சொல்லிட்டேன்."

"மழை பெஞ்சுச்சா?"

"சாவுன்னா மழை பெய்யாம இருக்குமா? என்ன மனுசன்யா நீ."

ஃபின்டன் ஒரு துண்டு தின்றார். நன்றாக இருந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வாரிய அலுவலகத்துக்குப் போனார். இறுதி ஆட்டத்தில் கோட்டோரம் நிற்க அவர் கேட்டிருந்த அனுமதி அட்டை தபாலில் திரும்பி வந்திருந்தது. அதன்மேல் 'காலமானார்' என்று சிவப்பு முத்திரை. செயலாளர் காஹல் ஹான்ராட்டி, முப்பது வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர், அவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க ஃபின்டன், உக்காருங்க. இல்ல, வேணாம், நில்லுங்க. உக்காந்தா அது சந்திப்பு ஆயிடும். சந்திப்புன்னா குறிப்பேட்டுல ஏத்தணும்."

ஃபின்டன் நின்றார். "காஹல், நான் உயிரோட இருக்கேன்."

"தனிப்பட்ட முறையில எனக்கு அதுல சந்தோசந்தான். ஆனா என் நிலைமையையும் பாருங்க. இரங்கல் தீர்மானம் நெறவேறிடுச்சு. ஒருமனதா! நாப்பத்தோரு வருசத்துல இந்த வாரியம் ஒருமனதா நெறவேத்துன மொதல் தீர்மானம் உங்க சாவுதான். தேநீர் இடைவேளைக்கே ஏழு பேரு எதிர்த்து ஓட்டுப் போடுற எடம் இது."

"தப்புன்னு எழுதி மாத்திடுங்க."

"நெறவேறுன தீர்மானத்த டிசம்பர் ஆண்டுக்கூட்டம் வரைக்கும் திரும்ப எடுக்க முடியாது. விதி முப்பத்தேழு."

"இப்ப ஜூலைதானே ஆகுது."

"அஞ்சு மாசந்தானே, பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க."

"மேல்முறையீடு?"

"தாராளமா பண்ணலாம்," என்று காஹல் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பிறகு அவரே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "உயிரோட இருக்குற உறுப்பினர்தான் கையெழுத்துப் போடணும்."

"வானொலியில தினமும் மரண அறிவிப்பு வாசிக்கிறாங்களே, அதுல என் பேரே வரலையே காஹல். அதையாவது பாத்திருக்கலாமே."

"அதக் கேக்காதீங்க, எங்களுக்கு வந்த கோபம் இருக்கே! மொதல் தபால்லயே கண்டனம் அனுப்பிட்டோம். விட்டுப்போனதுக்கு மன்னிப்புக் கேட்டு இன்னிக்குக் காலையில மூணு தடவ வாசிச்சாங்க." காஹல் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குச் சாயங்காலம் அவசரக் கூட்டம் போடுறேன். வந்து பின்வரிசையில உக்காருங்க. பேசிடாதீங்க."

புதன்கிழமை மாலை ஏழு மணிக்குக் கூட்டம். ஒவ்வொரு பங்கின் சார்பிலும் ஒருவர், மொத்தம் இருபத்தாறு பேர். ஜெபம் சொன்னார்கள். ஏழாவது பொருள் வந்தது: 'காலஞ்சென்ற ஃபின்டன் கோர்ம்லியிடமிருந்து வந்த கடிதம்.' காஹல் அதை வாசித்தார். கடிதம் இரண்டே வரி. நான் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோட்டோரம் நிற்க அனுமதி வேண்டும்.

முதலில் எழுந்தவர் டோனல் மக்கேப். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஃபின்டனை நீக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்தான்.

"தலைவர் அவர்களே, இந்தக் கடிதம் எனக்கு வேதனையா இருக்கு. ஃபின்டன் உயிரோட இருந்த காலத்துல அவரப் பத்தி நான் சில வார்த்த சொன்னதுண்டு. ஆனா அவரு போனதுக்கப்புறம் ஒரு வார்த்த தப்பாச் சொல்லியிருப்பேனா? அவரு பெட்டிய இந்த எடது தோள்ல தூக்குனேன். இன்னும் வலிக்குது. இந்தக் கடிதம் உண்மைன்னா என் வலி பொய்யா?"

"எடது பக்கம் தூக்குனது நான்!" என்று பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

"முன்னாடி எடது நீ. நான் நடு எடது."

"நடு எடதுல என் மச்சான்ல இருந்தான்!"

கை தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்ததில், பெட்டியை இடது பக்கம் தூக்கியவர்கள் மட்டும் பதினொரு பேர். வலது பக்கத்தில் இருவர்தான். பெட்டி எப்படிச் சாயாமல் போனது என்று ஆராய மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது. ஃபின்டன் பின்வரிசையில் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊனாவின் பெட்டி நினைவுக்கு வந்தது. பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மாவட்ட ஆட்டம். இரண்டு மணி நேரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். உறுப்பினர் இறந்தால் மட்டுமே தள்ளிவைக்க முடியும், சட்டை துவைப்பது உறுப்பினர் தகுதி ஆகாது என்று பதில் வந்தது. பாதிரியாரையும் குழி வெட்டியவர்களையும் சேர்த்துப் பதினான்கு பேர் வந்தார்கள். பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் பாதிரியாரும் ஒரு கை கொடுத்தார்.

தலைவர் பார்ட்லி ஷெவ்லின் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"நண்பர்களே, உணர்ச்சிவசப்படாம யோசிப்போம். உயிரோட இருந்த ஃபின்டன் இந்த வாரியத்த ரெண்டாப் பொளந்தாரு. செத்த ஃபின்டன் நம்மள ஒண்ணு சேத்திருக்காரு. ஞாயித்துக்கெழம மூவாயிரம் பேரு ஒரு சத்தமில்லாம நின்னாங்களே, நம்ம மைதானத்துல அப்படி ஒரு ஒழுங்க நீங்க பாத்ததுண்டா? மக்கள் அவரு மேல வச்ச பாசம் அது. அந்தப் பாசத்தக் காப்பாத்துறது இந்த வாரியத்தோட கடம. அதுக்கு எடைஞ்சலா யார் வந்தாலும், அது ஃபின்டனாவே இருந்தாலும், அனுமதிக்க முடியாது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு ஒரு சமரசம் எட்டப்பட்டது. கடைப்பிரிவுக் கோப்பைக்கு இனி ஃபின்டன் கோர்ம்லி நினைவுக் கோப்பை என்று பெயர். பின்வரிசையில் இருப்பவர் கோட்டோரம் நிற்க முடியாது. ஆனால் இறந்தவரின் குடும்பத்தார் என்ற முறையில் மாடத்தில் ஓர் இருக்கை உண்டு. ஜெயித்தவர்களுக்குக் கோப்பையை வழங்கும் பெருமையும் அவருக்கே.

"எனக்கு மாடம் வேண்டாம்," என்று ஃபின்டன் எழுந்தார். "கோட்டோரம் நிக்கணும். அவ்வளவுதான்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார்.

"காலஞ்சென்றவர் கருத்துச் சொன்னதாக் குறிப்பேட்டுல ஏத்த முடியாது," என்றார் காஹல். "ஓட்டெடுப்புக்கு விடலாம்."

இருபத்தாறு கையும் உயர்ந்தன. மீண்டும் ஒருமனது. தலைவர் கைக்குட்டையை எடுத்தார்.

இறுதி ஆட்டத்துக்கு, கடைப்பிரிவு வரலாற்றில் இல்லாத கூட்டம். வழக்கமாக அறுபது பேரும் நாலு நாயும் வரும் ஆட்டத்துக்கு மூவாயிரம் பேர் வந்திருந்தார்கள். நுழைவாயிலில் கொடுத்த ஆட்டச் சிறப்பு மலரில் கறுப்புக் கட்டம் கட்டி ஃபின்டனின் படம். பழைய படம். பக்கத்தில் ஊனா நின்ற படம் அது. அவளை வெட்டிவிட்டிருந்தார்கள். அவர் சட்டைக்கையைப் பிடித்திருந்த நாலு விரல் மட்டும் மிச்சம். ஃபின்டன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு நிமிட மௌனம் நடந்தது. மாடத்தில் அவரும் நின்றார். பிறகு விசில் ஊதினார்கள்.

இரண்டாவது பாதியில் பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது ட்ரம்கோரன் இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. சதுப்பு நிலத்திலிருந்து எதிர்காற்று. பையன்கள் பந்தை உயர உயர அடித்தார்கள். காற்று அதைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தது. ஃபின்டன் படியிறங்கிக் கோட்டுக்குப் போகும் கம்பிக்கதவுக்கு வந்தார். கதவில் பேக்கி நின்றான். ஃபின்டனோடு லண்டனில் ஒரே சுரங்கத்தில் சேறு மிதித்தவன். கையில் காவலர் பட்டை கட்டியிருந்தான்.

"விடு பேக்கி."

"அட்டை?"

"அட்டை இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஃபின்டன். நீ உயிரோட இருக்கன்னும் எனக்குத் தெரியும். வாரியத்துக்குத் தெரியாதே, நான் என்ன பண்ணட்டும்? இந்தப் பட்டைய அவங்கதானே குடுத்தாங்க."

"ஒரு அஞ்சு நிமிசம்டா."

"உன் கல்லறையில மண்ணு போட்டேன்னு என் பொண்டாட்டிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அவ அந்தா உக்காந்திருக்கா. என்னய அசிங்கப்படுத்திடாத."

ஃபின்டன் அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பத்தொன்பது வருடமாகக் கத்திய குரலில் கத்தினார்: "தரையோட அடிங்கடா! காத்துக்கு எதுக்குடா பந்தக் குடுக்குறீங்க? தரையோட!"

அணித்தலைவன் லோர்கன் திரும்பிப் பார்த்தான். சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். பிறகு பந்தைத் தாழ்வாகத் தட்டிவிட்டான். அதன்பின் எல்லாரும் தாழ்வாகவே ஆடினார்கள். கடைசி விசிலின்போது ட்ரம்கோரன் ஒரு புள்ளியில் ஜெயித்திருந்தது. மூவாயிரம் பேர் குதித்தார்கள். பேக்கி அழுதான். ஃபின்டன் தன் உள்ளே எட்டிப்பார்த்தார். காலியான மாட்டுத்தொழுவம் மாதிரி இருந்தது. கம்பியில் அழுந்தி உள்ளங்கை கிழிந்திருந்தது. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கோட்டுக்கு இரண்டடி இந்தப் பக்கம் நின்றதால்தான் உறைக்கவில்லையோ என்னவோ.

மேடையில் தலைவர், "இறந்தவர் குடும்பத்தின் சார்பில்" என்று அறிவிக்க, ஃபின்டன் தன் பெயர் பொறித்த கோப்பையை லோர்கனிடம் கொடுத்தார். அவன் குனிந்து காதில் சொன்னான்: "சட்ட மூட்டைய வழக்கம்போல உங்க வாசல்ல வச்சிடுறேன் மேனேஜரே." பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்த வெற்றி எங்க ஃபின்டனுக்கு! அவரு மேல இருந்து எங்களப் பாத்துக்கிட்டே இருக்காரு!" என்றான். மூவாயிரம் பேரும் வானத்தைப் பார்த்தார்கள். ஃபின்டனும் பார்த்தார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

குடும்பத்தார் நின்றால் வரிசை தானாக வந்துவிடும். யாரும் சொல்லவில்லை, மேடைக்குக் கீழே வரிசை பிடித்து ஒவ்வொருவராக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். உங்க துக்கம் எங்க துக்கம். ரொட்டிக்கடைக்காரி வந்தாள். இரண்டாவது பெயரில் வளர்ந்த ஃபின்டன்கள் வந்தார்கள். முதல் நூறு பேருக்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் ஒரு கிழவர், "நல்ல ஆத்மா, போயிடுச்சு," என்றபோது, ஃபின்டன் வாய் திறந்தார்.

"ஆமா. பிப்ரவரியில போனா. நீங்க வந்தது ஊனாவுக்குச் சந்தோசமா இருக்கும்."

கிழவர் விழித்தார். ஆனால் வரிசை பின்னாலிருந்து தள்ளியது. அடுத்தவரிடமும் ஃபின்டன் அதையேதான் சொன்னார். அதற்கடுத்தவரிடமும். வந்தவர்கள் குழம்பினாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. துக்க வரிசையில் யாருக்காக வந்தோம் என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

டோனல் மக்கேப் இடது தோளைத் தடவிக்கொண்டே வந்தார். "உங்க துக்கம் எங்க துக்கம்."

"பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கலாம், டோனல்."

"அன்னிக்கு ஆட்டம் இருந்துச்சே," என்றார் மக்கேப், மிகச் சாதாரணமாக.

கடைசியில் காஹல் குறிப்பேட்டோடு நின்றார். "ஃபின்டன், நீங்க ஜனங்ககிட்ட என்னமோ வேற பேரு சொல்றீங்களாமே. இந்த வரிசைய யாரு பேர்ல ஏத்துறது?"

"ஊனா கோர்ம்லி."

"அவங்க உறுப்பினர் இல்லையே."

"நானும் இல்ல. செத்தவன்னு நீங்கதானே முத்திர குத்துனீங்க."

காஹல் பேனாவை உதறிப் பார்த்தார். மூடியை மாட்டினார். மழை வலுக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஃபின்டன் வீடு வந்தபோது வாசலில் சேறு படிந்த சட்டை மூட்டை இருந்தது. அதன்மேல் மழையில் ஊறிய வாரிய அனுதாப அட்டை ஒன்று. தொட்டியில் கொதிநீரை நிரப்பி, பதினைந்து சட்டையையும் போட்டு, கையை முழங்கைவரை உள்ளே விட்டார். எண்ணிப் பார்க்காவிட்டாலும் அவருக்குத் தெரியும். மூவாயிரத்துக்குக் குறையாமல் கை குலுக்கியாயிற்று. சேறு கரைந்து தண்ணீர் கறுத்தது. சுடுகிறது என்று அவருக்குத் தெரிய வெகுநேரம் ஆயிற்று. தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.